விளக்கு வைத்த அறைக்கு மேலே ஒரு கிளை

கயிறு பிடிக்கிறவனை யாரும் வீடியோ எடுப்பதில்லை. மரம் வெட்டப் போகிற பையன்கள் நீங்கள் எனக்கு அனுப்புகிற படங்களில் எல்லாம் உச்சியில் நிற்கிறவன்தான் இருக்கிறான். ஒரு கையில் மெஷின் வாள், முகத்தில் சிரிப்பு, பின்னால் போடி மலை. மரம் சாய்கிற இடத்தில் பாட்டு வேறு. கீழே ஒருவன் கயிற்றோடு மல்லுக்கட்டுவது படத்தின் ஓரத்தில் முழங்கை அளவுக்குத் தெரிந்தாலே பெரிய விஷயம். வேலை செய்த காலம் முழுவதும் நான் அந்த முழங்கையாகத்தான் இருந்தேன்.

தோள்பட்டை இறங்கிப்போனதால் கயிற்றை விட்டுவிட்டேன். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் பிரதாபங்களைக் கேட்பதுதான் என் சோலி. போன வாரம் உங்களில் ஒருவன் கேட்டான், வீட்டுக் கொல்லையில் மரம் எடுக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும் என்று. சாய்வைப் பார், காற்றைப் பார், கரண்டுக் கம்பியைப் பார் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். எல்லாம் சரிதான். எனக்குத் தெரிந்த பதில் டீக்கடையில் சொல்கிற மாதிரி இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். பெரியவர் புத்தகம் போடப்போகிறார் என்று சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டால் படியுங்கள்.

நான் தொழில் கற்றது ஏலத்தோட்டத்தில். விடியுமுன் போடியில் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டுக்கு மேலே இறங்கும்போது பல் தந்தியடிக்கும். ஏலச் செடிக்கு நிழலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். அதனால் மழைக்கு முன்னால் பெரிய மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். கழிக்கிற கிளையைச் சும்மா தள்ளிவிட முடியாது, கீழே செடி நிற்கிறது. ஒரு தூர் நசுங்கினாலும் கங்காணி நம் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவார். ஆகவே கிளையைக் கயிற்றில் கட்டி, மேலே ஒரு கவட்டையின் வழியாகக் கயிற்றைக் கொண்டுவந்து, கீழே வேறொரு மரத்தின் அடியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற குழம்புச் சட்டியை இறக்கி வைப்பதுபோல இரண்டு செடிக்கு நடுவே இறக்கி வைக்க வேண்டும். கயிற்றுக்காரன் வேலை அதுதான். சுற்றை இறுக்கினால் கிளை நிற்கும். தளர்த்தினால் இறங்கும். விட்டால் விழும்.

மலையில் பாதிப் பேச்சு மலையாளம். நிறுத்து என்பதற்கு ‘மதி’ என்போம். விட்டுவிடு என்பதற்கு ‘போட்டே’. மேலே இருக்கிறவன் இந்த இரண்டு சொல்லைத்தான் சொல்வான். கீழே இருக்கிறவன் பதில் பேசக் கூடாது. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. மரத்துக்குள் நடப்பது மேலே நிற்பவனின் பாதத்துக்குத்தான் தெரியும். கீழே இருப்பவன் கண்ணால் பார்த்து அறிவதற்குள் காரியம் முடிந்துவிடும். மேலே இருப்பவன் ‘போட்டே’ என்றால் கீழே சாமியே நின்றாலும் கயிற்றை விட்டுவிட வேண்டும். தோட்டத்தில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது.

இந்தச் சட்டத்தை எனக்குப் பழக்கியவர் என்னைவிட இளையவர். நான் சேர்ந்தபோதே அவர் மரமேறிகளில் பேர் வாங்கியிருந்தார். நான் ஒரு நாள் கிறுக்குத்தனமாக, ‘இன்னும் கொஞ்சம் இறக்குனா செடி தப்பிச்சிரும்ல’ என்று கீழேயிருந்து கேட்டுவிட்டேன். அவர் வேலையை நிறுத்தி இறங்கி வந்தார். திட்டவில்லை. என் கையில் இருந்த கயிற்றைத் தொட்டுக் காட்டி, ‘இது கயிறு இல்ல, என் இடுப்பு’ என்றார். அப்புறம் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்டதில்லை. பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பழக்கம் முற்றி, என் தங்கையை அவருக்கே கட்டிக் கொடுத்தேன். இனி அவரை மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

மலையில் வேலை குறைந்ததும் நாங்கள் ஊருக்குள் இறங்கினோம். ஊர் வேலை வேறு மாதிரி. தோட்டத்தில் கீழே செடி மட்டும்தான். கொல்லையில் கீழே இருப்பது ஒருவருடைய வாழ்க்கை. தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் குழி, பக்கத்து வீட்டுக்காரனின் சுவர், அந்தச் சுவருக்காக நடந்த பழைய சண்டை எல்லாம் இருக்கும். அதிலும் நாங்கள் பேர் வாங்கினோம். ஓடு உடையாமல் மரம் எடுக்கிற கூட்டம் என்று ராசிங்காபுரம், தேவாரம் வரை கூப்பிட்டார்கள். பேர் வாங்கியதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நல்ல பேர் இருக்கும்போதுதான் காது மந்தமாகிறது.

அந்த வீடு ஊருக்கு மேற்கே, மலையைப் பார்த்த தெருவில் இருந்தது. முன்னால் ஓட்டுக் கட்டிடம், பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. அறையை ஒட்டிக் கொல்லையில் ஓர் இலவமரம். நம் பக்கத்தில் இலவமரம் இல்லாத தெரு ஏது, அந்த வீட்டுத் தலையணை எல்லாம் அந்த மரத்துப் பஞ்சுதான். அதனாலேயே வெட்ட மனமில்லாமல் வீட்டுக்காரர் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார். ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து, கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தார்.

எங்களைக் கூப்பிட வந்தது அவர் மனைவியின் தம்பி. அடுத்த வாரம் கருமாதி. சொந்தபந்தம் எல்லாம் அந்தக் கொல்லையில்தான் உட்கார வேண்டும், பந்தியும் அங்கேதான். இன்னொரு பெரிய கிளை அந்தப் பின்னறைக் கூரைக்கு மேலே நேராக நீண்டு நிற்கிறது. காற்றும் நின்றபாடில்லை. மரத்தை எடுத்துக்கொடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு சாவு விழும் என்றார். ஆடி மாதத்தில் ஏறுவதில்லை என்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அந்தக் கிளையையும் அந்த அம்மாவின் முகத்தையும் பார்த்தார். விடிந்ததும் ஆரம்பித்தால் காற்று இறங்குவதற்குள் கூரைப் பக்கத்தை முடித்துவிடலாம் என்றார். வெயில் ஏறிய பிறகுதான் கணவாயிலிருந்து காற்று இறங்கும் என்பது உங்களுக்கும் தெரியும். சரி என்றேன். இன்று கேட்டாலும் அது இரக்கப்பட்டு எடுத்த முடிவு என்றுதான் சொல்வேன், பேராசையில் எடுத்தது இல்லை.

மரம் ஏறுமுன் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பது மலைப் பழக்கம். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மாப்பிள்ளை தட்டினார். சத்தம் ஓவென்றுதான் வந்தது. ஆனால் இலவமரம் எப்போதுமே அப்படித்தான் பேசும். கட்டை மெத்து, கனமில்லாதது. நல்ல மரத்தைத் தட்டினாலும் பொந்து மாதிரியே கேட்கும். ‘இது இலவம், இப்பிடித்தான் இருக்கும்’ என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இலவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கடப்பாரை எடுத்து வேரைக் குத்திப் பார்த்திருப்பான். நாங்கள் தெரிந்தவர்கள். அதனால் குத்திப் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக் குளியல் தண்ணீர் வருடக்கணக்காக மரத்தின் தென்பக்கத்து வேரிலேயே போய் நின்றிருக்கிறது. சோப்புத் தண்ணீர் நின்று நின்று உள்ளே சோறு மாதிரி குழைந்துபோயிருந்தது. மலையில் எந்த மரத்தடியில் யார் குளித்தார்கள்? மலைக் காதுக்கு அது தெரியாது. கொல்லை மரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டார் எங்கே குளிக்கிறார்கள், எங்கே பாத்திரம் கழுவுகிறார்கள், தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு மரத்தை அண்ணாந்து பாருங்கள்.

வீட்டில் இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினோம். அது நாங்கள் எப்போதும் செய்வதுதான். அந்த அம்மா தெருவில் எதிர்வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். வாசலில் யாரையும் உள்ளே விடாமல் நிற்கச் சொல்லித் தம்பியை நிறுத்தினோம். பின்னறைக்குக் கொல்லைப் பக்கமும் ஒரு கதவு உண்டு. புழுதி படியாமல் இருக்க மூடலாம் என்று போனேன். உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இறந்தவர் உடலைக் கிடத்தியிருந்த இடத்தில் ஏற்றிய விளக்கு. கருமாதி முடியும்வரை அது அணையக் கூடாது, இடத்தை விட்டு நகர்த்தவும் கூடாது. நம் வீடுகளில் நாமும் செய்கிறதுதானே. கதவைச் சாத்தினால் இருட்டில் அதைத் தனியே விட்டதுபோல இருந்தது எனக்கு. கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை ஏறினார். முதலில் சின்னக் கிளைகளை எல்லாம் இறக்கினோம். ஒன்றும் தவறவில்லை. ஒரு ஷீட்டில்கூடக் கீறல் விழவில்லை. கடைசியாகக் கூரைமேல் நீண்டிருந்த அந்தப் பெரிய கிளை. கயிற்றைக் கட்டிக் கவட்டை வழியாகக் கீழே விட்டார். கொல்லை மூலையில் இருந்த தென்னையின் அடியில் நான் சுற்றிக்கொண்டேன். மெஷின் ஓடியது, கிளை அடிமரத்திலிருந்து பிரிந்தது, மெஷின் நின்றது. கிளையின் முழுக் கனமும் கயிற்றுக்கு வந்தது. இனி கிளையின் நுனியில் கட்டியிருந்த இன்னொரு கயிற்றால் அதைக் கொல்லைப் பக்கம் திருப்பி மெல்ல இறக்க வேண்டும். அதுவரைக்கும் சரி.

அன்றைக்குக் காற்று சீக்கிரம் இறங்கிவிட்டது. முதல் வீச்சிலேயே தழை நிறைந்த அந்தக் கிளை திரும்பி, நேராக அறைக்கு மேலே போய் நின்று ஆட ஆரம்பித்தது. அது ஆடிய ஆட்டத்தில் அடிமரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முறிகிற சத்தம் இல்லை. பழைய துணியைக் கிழிக்கிற சத்தம். மாப்பிள்ளைக்கு அது பாதத்தில் தெரிந்திருக்கும். அவர் இடுப்பு அந்த மரத்தோடு கட்டியிருக்கிறது.

‘போட்டே’ என்றார்.

கயிற்றை விட்டிருந்தால் கிளை கூரையைப் பொத்துக்கொண்டு அறைக்குள் விழுந்திருக்கும். மரத்தின் மேலிருந்த பாரம் போயிருக்கும். அவர் இறங்கி வந்திருப்பார். கூரை போனால் போகிறது, வீட்டாரிடம் நான்கு வார்த்தை கேட்டுக்கொண்டு வேறு ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம். சுற்றைத் தளர்த்த என் கை போனது. அப்போது திறந்திருந்த கதவு வழியாக அறைக்குள் பார்த்தேன்.

அந்த அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பிறகு தெரிந்துகொண்டது இது. துக்கம் கேட்க ராசிங்காபுரத்திலிருந்து ஆட்டோவில் உறவினர்கள் வந்திருக்கிறார்கள். தம்பி வாசலை விட்டுத் தெருவுக்குப் போய்க் கைகொடுத்து அழைத்திருக்கிறார். துக்க வீட்டில் வருகிறவர்களுக்குக் கைகொடுக்காமல் நிற்க முடியுமா? அந்த நேரத்தில் காற்று எழுந்திருக்கிறது. விளக்கு அணைந்துவிடும் என்று அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் உள்ளே போயிருக்கிறார். நான் பார்த்தபோது இரண்டு கையையும் குவித்துச் சுடரை மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் அந்தக் காற்று வந்தது.

‘ஆத்தா, வெளிய போ. கெளை ஒன் தலைக்கு மேல இருக்கு’ என்று கத்தினேன்.

கேட்டது. நிமிர்ந்து மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்தது அவருக்கு. எழுந்தார். ஆனால் விளக்கையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். நகர்த்தக் கூடாத விளக்கு அது, அதை விட்டுவிட்டும் போக முடியவில்லை அவருக்கு. ஒரு கையில் விளக்கு, மறு கையால் சுடருக்கு மறைப்பு. ஓடினால் அணைந்துவிடும். அதனால் நடந்தார். எண்ணெய் தளும்பாமல், சேலை தடுக்காமல், நிறைமாதக்காரி படியிறங்குவதுபோல அடிமேல் அடி வைத்து முன்வாசலைப் பார்த்து நடந்தார்.

மேலேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை தொழில் பேச்சு இல்லை.

‘மச்சான், விட்ரு மச்சான்.’

அவருக்கு அறை தெரியாது. ஷீட்டும் தழையும் மறைத்துக்கொண்டிருந்தன. உள்ளே ஆள் இருப்பதை அவருக்கும் கத்திச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் காற்றில் கேட்டிருக்குமா தெரியாது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவின் முதுகையே பார்த்தேன். அறை வாசலைத் தாண்டினார், நடைக்குள் போனார், மறைந்தார். விட்டேன்.

கிளை கூரையை உடைத்துக்கொண்டு, விளக்கு இருந்த இடத்திலேயே விழுந்தது. பாரம் விட்ட வேகத்தில் அடிமரம் எதிர்ப்பக்கம் துள்ளி, குழைந்திருந்த இடத்தில் பிளந்து, மாப்பிள்ளையோடு பக்கத்து வீட்டுச் சுவர்மேல் சாய்ந்தது. முதல் சொல்லுக்கே நான் விட்டிருந்தால் அந்தப் பிளவு அவ்வளவு தூரம் போயிருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றில் எனக்கே தெரிந்தது, கிழிசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது.

உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரிச் சொன்னார்கள், மதுரையில் அதையே நன்றாக விளக்கிச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை.

ஓடு உடையாமல் மரம் எடுக்கிற கூட்டம் நாங்கள். அன்றைக்குக் கூரை போனது, சுவர் போனது, மாப்பிள்ளை போனார். மிஞ்சியது அந்த அம்மாவும் அவர் கையில் இருந்த விளக்கும்தான்.

என் தங்கையிடம் நடந்ததை நானே சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டாள். அழவில்லை. நான் கயிற்றை விட்டிருந்தால் ஒரு பொம்பளை செத்திருப்பாள் என்பது அவளுக்குப் புரிந்தது. அதை மறுத்து அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

‘அந்தாத்தா மொகம் ஒனக்குத் தெரிஞ்சுச்சு. எம் மொகம் தெரியலையாண்ணே?’

தெரியவில்லை, அதுதான் உண்மை. கயிறு கையில் இருக்கும்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிற முகம் மட்டும்தான் தெரியும். இப்போது அவள் ஏலக்காய் பறிக்க விடியுமுன் ஜீப்பில் மலைக்குப் போகிறாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும்போது சோறு எடுத்து வைத்திருப்பாள், எனக்கும் சேர்த்து. பேச்சு மட்டும் குறைந்துவிட்டது.

தொழிலில் என்ன ஆனது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சமாளித்துக்கொண்டு நான் மறுபடியும் கயிறு எடுத்தபோது பழைய மரமேறிகளில் சிலர் என்னோடு ஏற மறுத்தார்கள். ‘அண்ணே, தப்பா நெனைக்காதீக. சொன்னா விடுற கைதான் எங்களுக்கு வேணும்’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. நான் மேலே ஏறுகிறவனாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் செய்ததும் சரி. இரண்டும் சரியாக இருந்து ஒரு மனுஷன் கட்டிலில் கிடக்கிறார். இதற்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள்.

அந்தச் சட்டத்தை மீறு என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். மீறாதே என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. அப்படி ஒரு நொடி உங்கள் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வந்துவிட்டால் எதைச் செய்தாலும் ஒருவருக்குத் துரோகம்தான். அந்த நொடியை முன்கூட்டியே தடுக்கிற வேலை கயிற்றுக்காரனுடையது. மரமேறியை அதில் இழுக்காதீர்கள், அவருக்கு மேலே ஆயிரம் கவலை.

எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? மரத்தை அல்ல. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பாருங்கள். எல்லோரும் வெளியே வந்தாச்சா என்று கேட்டால் வந்தாச்சு என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்வதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. உள்ளே எதற்காகத் திரும்பிப் போவீர்கள் என்று கேளுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கிறுக்கனோ என்றுகூட நினைப்பார்கள். பரவாயில்லை, விடாமல் கேளுங்கள்.

அதற்குப் பிறகு நான் போன வீடுகளில் எல்லாம் கேட்டேன். ஒரு வீட்டில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால். ஒரு வீட்டில் அடைகாக்கிற கோழி. தேவாரத்தில் ஒரு பெரியவர் ஒன்றுமே இல்லை என்று சாதித்துவிட்டு, கடைசியில் தலை குனிந்து பல் செட்டு கிண்ணத்தில் இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கயிற்றைத் தொட்டேன். பால் சட்டியை நானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அம்மாவிடம் யாராவது ஒருவர் இதைக் கேட்டிருந்தால் விளக்கு என்றிருப்பார். நகர்த்தக் கூடாது என்று கொஞ்சம் அழுதிருப்பார். அப்புறம் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். எடுத்துக்கொண்டுதானே கடைசியில் நடந்தார்.

அந்த அம்மா ஒரு நாள் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். தங்கை மலையிலிருந்து இன்னும் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைதான் பேச்சுக் கொடுத்தார். காரியம் எல்லாம் நல்லபடி முடிந்ததா என்று கேட்டார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கேட்கக் கேட்க அந்த அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னால் தரக்கூடிய ஆறுதல் அது ஒன்றுதான் என்பதுபோலச் சொன்னார்:

‘அண்ணே, அந்த வெளக்கு அணையவே இல்லண்ணே. கருமாதி வரைக்கும் எரிஞ்சுச்சு.’

‘நல்லதும்மா’ என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போது முகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். மாப்பிள்ளை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் உட்கார்ந்த பிறகுதான் பேசினார். கோபம் இல்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்கிற குரல்.

‘அணைஞ்சிருந்தா ஒரு தீக்குச்சி போதும்ல, மச்சான்?’

‘போதும், மாப்ளே’ என்றேன்.

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். கால் மரத்துப்போனவர்களுக்கும் குளிர் தெரியுமாம். குறைத்தேன். கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து, அந்தக் கால்களை மூடிவிட்டேன்.